பாடமாக இல்லாத பாடம்: எல்லையோரப் பிள்ளை பூமியையும் வானத்தையும் எங்கே படிப்பது?

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரமாக இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் ஒன்பதாவது, தமிழ் மீடியம். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரப் பையன் அங்கே ஹைஸ்கூலில் ‘எர்த் அண்ட் ஸ்பேஸ் சயின்ஸ்’ என்று தனிப் பாடமே படிக்கிறானாம். வீடியோ காலில் அவன் காட்டிய நோட்டைப் பார்த்ததிலிருந்து ‘நமக்கு மட்டும் ஏன் இல்லை’ என்று பாப்பா பிடித்துக்கொண்டாள். ப்ளஸ் ஒன்னில் எதை எடுத்தால் இதைப் படிக்கலாம், படித்தால் சோறு போடுமா, டெலஸ்கோப் ஒன்று வாங்கிக் கொடுக்கட்டுமா? இவ்வளவுதான் கேள்வி.

நான் சித்தூர் தாலுக்காவில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு ரொம்ப வருஷம் சமூக அறிவியல் நடத்தியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணக்கை விடாமல் சயின்ஸ் குரூப் எடுக்கச் சொல்லுங்கள், டெலஸ்கோப் இப்போது வேண்டாம், அந்தப் பாடம் நம்மிடம் இல்லாமல் இல்லை, பிய்த்துப் பிய்த்து நாலு புத்தகத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் 2013-இல் வந்த ஒரு பொதுத் தரத்தை வைத்துப் பாடத்திட்டம் போடுகின்றன. அதில் இந்தப் பாடத்துக்கு மூன்றே தலைப்புதான். அண்டத்தில் பூமிக்கு என்ன இடம், பூமி எப்படி இயங்குகிறது, பூமியும் மனிதனும் ஒருவரை ஒருவர் என்ன செய்துகொள்கிறார்கள். இந்த மூன்றையும் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனால் சூரியனும் பருவங்களும் சமூக அறிவியலில் வரும், ஈர்ப்பு விசை இயற்பியலில் வரும், இரும்பு துருப்பிடிப்பது வேதியியலில் வரும், மழையும் மண்ணும் மறுபடி சமூக அறிவியல். நான் நடத்திய காலத்துப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் நில வரைபடம் படிப்பது, காற்று ஏன் வீசுகிறது, செயற்கைக்கோள் படம் எப்படி எடுக்கிறது என்று அருமையான பாடங்கள் இருந்தன. பிள்ளைகளோ அதை ‘சோஷியல், மனப்பாடம் பண்ணினால் போதும்’ என்று ஒதுக்கிவிட்டு சயின்ஸ் டியூஷனுக்கு ஓடுவார்கள். பாதித் தப்பு எங்கள் மேலும்தான். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பாறை மாதிரிகள் உள்ள பெட்டி ஒன்று பீரோவில் பூட்டியே கிடந்தது, சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் பூட்டை உடைத்தபோது கல்லெல்லாம் இருந்தது, ஒட்டியிருந்த சீட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. எங்கே எடுத்தது என்று தெரியாத கல் வெறும் கல்தான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பாப்பா கல் பொறுக்க ஆரம்பித்தால் முதல் விதி அதுதான்: தேதி, இடம், எந்த ஆழம் அல்லது எந்த உயரம் என்று எழுதாமல் எந்தக் கல்லையும் வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது.

இப்போது ஒரு கதை சொல்கிறேன், என் மானம் போன கதை. நம் ஊர் கிட்டத்தட்ட 10.7 பாகை வடக்கு அட்சக்கோட்டில் இருக்கிறது. அதனால் வருஷத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24, 25 வாக்கிலும், நடுப்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும், நேராக நிறுத்திய குச்சிக்கு நிழலே விழாது. ஏப்ரலில் பள்ளிக்கூடம் லீவு. ஒரு ஆகஸ்ட் 25 அன்று, மழை விலகி வெயில் அடித்த நாள், எட்டாவது ஒன்பதாவது இரண்டு கிளாஸையும் மைதானத்தில் நிறுத்தி, ஒரு மீட்டர்க் குச்சியைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நட்டு, ‘பன்னிரண்டு மணி அடித்ததும் நிழல் மாயமாகும் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டேன். மணி அடித்தது. நிழல் ஜம்மென்று பதினொரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. பின்வரிசையில் ஒரு பையன் ‘மாஷே, சூரியன் லேட்டா’ என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் செய்தது மடத்தனம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது. அது மிர்சாபூர், காக்கிநாடா பக்கம் போகிறது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், சூரியன் நம் தலைக்கு மேல் வர நேரம் எடுக்கும்தானே. இதைப் பாடமாக நூறு தடவை நடத்தியவன்தான் நான், மைதானத்தில் நின்றபோது நினைவு வரவில்லை. சரி, வந்தது வந்துவிட்டது, கலையாதீர்கள் என்று சொல்லி ஒவ்வொரு நிமிஷத்துக்கும் நிழல் நுனியில் ஒரு சாக்பீஸ் புள்ளி வைக்கச் சொன்னேன். நிமிஷத்துக்கு அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியாக நிழல் உள்ளே வந்துகொண்டே இருந்தது. 12 மணி 25 நிமிஷத்துக்கு இல்லாமல் போனது. சாப்பாட்டு மணி அடித்தும் ஒருத்தரும் போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் நடத்தியதிலேயே நல்ல வகுப்பு. பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிஷம். 25 நிமிஷத்தை 4-ஆல் வகுத்தால் 6.25 பாகை. 82.5-இல் கழித்தால் 76.25. ஆஹா, நம் ஊர்த் தீர்க்கக்கோட்டைக் குச்சியை வைத்தே கண்டுபிடித்துவிட்டோம் என்று அட்லஸைத் திறந்தால், 76.25 கொச்சியில் போய் நிற்கிறது! நம் ஊர் 76.8. எங்கே தப்பு என்று ஒரு வாரம் மண்டையை உடைத்தோம். கடைசியில் பிடிபட்டது என்னவென்றால், சூரியனும் கடிகாரம் மாதிரி ஒழுங்காக ஓடுவதில்லை. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. அதனால் வருஷத்தில் சில நாள் சூரியன் முந்தும், சில நாள் பிந்தும். ஆகஸ்ட் 25 அன்று இரண்டு நிமிஷம் பிந்துகிறது. அந்த இரண்டைக் கழித்தால் 23 நிமிஷம், 5.75 பாகை, 76.75. ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டோம். பின்வரிசைப் பையன் கேட்டது சரிதான், சூரியன் லேட்.

இதில் வானவியல் இருக்கிறது, புவியியல் இருக்கிறது, திரிகோணமிதி இருக்கிறது. அமெரிக்கப் பையனின் நோட்டில் இருப்பதும் இதுதான். பெட்டி வாங்கவில்லை, ஆப் இறக்கவில்லை, ஒரு குச்சி, ஒரு தூக்குக்குண்டு. நம் ஊருக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. அமெரிக்கப் பெருநிலத்தில் எந்த ஊரிலும் சூரியன் உச்சந்தலைக்கு வராது, எல்லாம் கடகரேகைக்கு வடக்கே. இங்கே வருஷத்துக்கு இரண்டு தடவை வாசலுக்கு வருகிறது.

நிலத்துக்கு வருவோம். பாப்பா தினமும் பஸ்ஸில் போகிற வழியே ஒரு பாடம். மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லைப் பக்கத்திலிருந்து கன்னியாகுமரி வரை சுவர் மாதிரி வருகிறது, அதில் பெரிய உடைப்பு என்றால் அது நம் பாலக்காட்டுக் கணவாய்தான். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. இந்த ஓட்டை எப்படி உண்டானது என்பதில் இன்னும் ஒரே முடிவு கிடையாது. பூமியின் மேலோடு இங்கே பல கோடி ஆண்டுகளுக்கு முன் அரைபட்டு நசுங்கிப் பலவீனமான ஒரு பட்டை ஓடுகிறது, அதை ஆறுகள் அரித்துவிட்டன என்பது ஒரு பக்கம். மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிவதற்கு முன் அங்கே இருக்கும் இதே மாதிரிப் பட்டையோடு இது சேர்ந்திருந்தது என்று இரண்டையும் ஒட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘உன் வீட்டு வாசலில் இருப்பது இன்னும் தீராத கேள்வி’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறுவது தெரியும்.

கணவாய் இல்லாவிட்டால் ஆனி, ஆடிக் காற்று இப்படி அடிக்காது. கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறட்டுக் காற்று திரும்பி வந்து உதட்டை வெடிக்க வைக்கும். இதே ஓட்டையால்தான் நமக்கு மழையும் கம்மி. மேகம் மலையில் முட்டி மேலே ஏறினால்தான் குளிர்ந்து கொட்டும், இங்கே முட்ட ஒன்றும் இல்லாததால் நேராக உள்ளே போய்விடுகிறது. கேரளத்தின் சராசரி வருஷ மழை சுமார் 3,000 மில்லிமீட்டர், எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் அதில் பாதிகூட எட்டாத வருஷங்கள் உண்டு. கேரளம் என்றதும் செம்மண்ணும் பச்சையும்தான் எல்லோருக்கும் நினைவு வரும், ஆனால் அந்த மாநிலத்திலேயே கரிசல் மண் இருப்பது நம் சித்தூர் தாலுக்காவில் மட்டும்தான். சித்திரையில் அதில் விழும் வெடிப்பில் கை நுழையும், மழை வந்ததும் ஊதி மூடிக்கொள்ளும். ஏன் ஊதுகிறது என்று கேட்டால் களிமண் தாதுவின் அடுக்குகளுக்குள் தண்ணீர் புகுந்துகொள்கிறது என்று வேதியியலில் போய் நிற்க வேண்டியிருக்கும். அங்கே இருந்து ஒரு அறுபது எழுபது கிலோமீட்டர் மேற்கே, பெரிந்தல்மண்ணைக்குப் பக்கத்தில் அங்ஙாடிப்புரம் போனால் வீடு கட்ட வெட்டி எடுக்கிற செங்கல்லு, அதாவது வெட்டுகல். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் ஆய்வு செய்த பிரான்சிஸ் புக்கானன் அதைப் பார்த்துவிட்டு 1807-இல் வந்த தன் நூலில் லேட்டரைட் என்று பெயர் வைத்தார், லத்தீனில் ‘லேட்டர்’ என்றால் செங்கல். உலகம் முழுக்கப் புத்தகத்தில் வருகிற சொல் நம் பக்கத்து மாவட்டத்தில் பிறந்தது. அங்கே அதற்கு நினைவுக்கல்லும் உண்டு.

கருங்கல் குவாரிகளில் பச்சை கலந்த கறுப்பாய், எண்ணெய் தடவின மாதிரி மினுங்குகிற கல் கிடைத்தால் அது பெரும்பாலும் சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர், ஆனால் அந்தக் கல் போனது நம் சென்னைப் பரங்கிமலையிலிருந்து. நீலகிரியின் சார்னோக்கைட்டுக்கு வயது கிட்டத்தட்ட 250 கோடி ஆண்டு. 20 கிலோமீட்டருக்கும் கீழே வெந்த கல் இன்றைக்கு நம் ஊர்த் திண்ணையில் கிடக்கிறது என்றால், மேலே இருந்த அத்தனை கிலோமீட்டரும் அரித்துப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் எப்படிக் கண்ணால் பார்ப்பது? ஆழ்குழாய்க் கிணறு போடுகிற இடத்துக்கு அனுப்புங்கள். நம் பக்கம் மாசம் ஒரு தோட்டத்திலாவது ரிக் வண்டி நிற்கும். ஒவ்வொரு ராடும் 20 அடி. ஒரு ராடு இறங்கினதும் வெளியே வரும் தூளில் ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்து ‘முதல் ராடு, இரண்டாம் ராடு’ என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். முதலில் கறுப்பு அல்லது சிவப்பு, அப்புறம் வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான்கல் கலந்த மண் வரலாம், அதில் வினிகர் ஊற்றினால் நுரைக்கும். அப்புறம் மஞ்சளாய் உளுத்த பாறை, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி. எந்த ராடில் ஈரம் தட்டியது, எந்த ராடில் சத்தம் மாறியது என்று ரிக்காரர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், அவர்களுக்குக் காதாலேயே பாறை தெரியும். மூன்று தோட்டத்துக் காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் பூமிக்கடியில் பாறை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஓரளவு புரிந்துவிடும். நிலத்தடி நீர்த் துறையில் சம்பளம் வாங்கும் ஜியாலஜிஸ்ட் செய்வதும் அடிப்படையில் இதுதான். தூள் பறக்கும், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், வண்டிக்குப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

இந்தப் படிப்பு வெறும் ஆசைக்கு மட்டும் இல்லை என்பதற்கு ஒரு வார்த்தை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்தது. 70 பேர், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. உருள்பொட்டல் என்று மலையாளத்தில் சொல்வதை நம் ஆட்களும் அப்படியே சொல்கிறோம். கெட்டிப் பாறையின் மேல் கனத்த மண் போர்வை, அதில் நாள்கணக்கில் மழை ஊறி எடை ஏறிப் பிடிமானம் விட்டுப்போவது, இதை விளங்கிக்கொண்ட ஒரு பிள்ளை ஒரு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) ஒருத்தி இருந்தாலும், சரிவில் புது வெடிப்பையோ திடீரென்று கலங்கி வரும் ஊற்றையோ பார்த்ததும் வீட்டாரைக் கிளப்பப் பார்ப்பாள். ஒரு டப்பாவை வெளியே வைத்து மழையை அளப்பதிலிருந்தே இதைத் தொடங்கலாம். பக்கங்கள் நேராக இருக்கிற எந்த டப்பாவும் போதும், அகலம் எவ்வளவாக இருந்தாலும் கவலையில்லை, உள்ளே நிற்கிற உயரம்தான் மழை.

வானத்துக்கு நம் வீட்டுக் காலண்டரே போதும். நம் வீடுகளில் சித்திரை ஒன்றும் விஷுவும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ வருகிறது, ஏப்ரல் 14 வாக்கில். விஷு என்ற சொல்லுக்கே பகலும் இரவும் சமம் என்றுதான் பொருள். ஆனால் உண்மையில் பகலிரவு சமமாவது மார்ச் 20, 21. நடுவில் 24 நாள் எங்கே போனது? பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம் தலையைச் சுற்றுவது மாதிரி 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது, 72 ஆண்டுக்கு ஒரு பாகை. சூரியன் நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது என்பதால் 24 நாளுக்கு 24 பாகை, அதை 72-ஆல் பெருக்கினால் 1,700 ஆண்டுக்குக் கொஞ்சம் மேல். அந்தக் காலத்தில் விஷு உண்மையிலேயே சமநாளாக இருந்தது. கணி கண்டுவிட்டு வருகிற பிள்ளையிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். கார்த்திகை மாதம் முழுநிலா ஏன் கார்த்திகைக் கூட்டத்தின் பக்கத்தில் நிற்கிறது, மார்கழியில் ஏன் திருவாதிரைப் பக்கம் போகிறது என்பதும் அதே வகை. முழுநிலா என்றாலே சூரியனுக்கு நேர் எதிரே இருக்கிறது என்றுதானே அர்த்தம். பாட்டிக்கு நட்சத்திரம் தெரியும், பேத்திக்குக் காரணம் தெரிய வேண்டும், இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போனால் போதும்.

மொழி விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். பத்தாவது வரை தமிழில் எழுதலாம், ப்ளஸ் ஒன் போனதும் எல்லாம் இங்கிலீஷ், வகுப்பில் டீச்சர் விளக்குவது மலையாளம். தமிழில் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று படித்தவள் அங்கே ஆக்னேயசில, அவசாதசில, காயாந்தரிதசில என்று காதில் கேட்டு, இக்னியஸ், செடிமென்ட்டரி, மெட்டமார்ஃபிக் என்று பரீட்சையில் எழுத வேண்டும். முதல் ஆறு மாதம் மண்டை காயும். இப்போதே ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொண்டு சொல் வரும்போதெல்லாம் மூன்றிலும் எழுதி வந்தால் அந்த ஆறு மாதம் ஆறு வாரமாகும். தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புப் புவியியல் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சூரியக் குடும்பம், பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம் என்று வரிசையாகத் தமிழில் இருக்கும். அதை இப்போதே கதைப் புத்தகம் மாதிரி படிக்கலாம்.

ப்ளஸ் ஒன். கேரளத்தில் ஜியாலஜி, அதாவது நிலவியல், ஒரு பாடமாகவே உண்டு என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. இயற்பியல், வேதியியல், கணக்கு, ஜியாலஜி என்று ஒரு குரூப் இருக்கிறது, ஆனால் ரொம்பக் கொஞ்சம் பள்ளிகளில்தான். ஏகஜாலகத்தில் (ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கான ஒற்றைச் சாளர முறை) விண்ணப்பிக்கும்போது அந்தப் பள்ளிகளின் பட்டியலைப் பாருங்கள், போய்வரும் தூரத்தில் இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் அதற்காக ஹாஸ்டல், பஸ் என்று அலைய வேண்டாம். இயற்பியல், வேதியியல், கணக்கு, கூட உயிரியலோ கம்ப்யூட்டரோ எடுத்தாலும் பின்னால் டிகிரிக்கு ஜியாலஜி போகலாம், கதவு அடைபடாது. பெயரில் ஏமாறாதீர்கள்: ஜியாகிரபி வேறு, ஜியாலஜி வேறு. ஜியாகிரபி ஹியூமானிட்டீஸ் குரூப்பில் வரும். அதை எடுத்துப் பின்னால் வரைபடம், செயற்கைக்கோள் படம், ஜிஐஎஸ் (கம்ப்யூட்டரில் வரைபடத் தகவலைக் கையாளும் முறை) என்று நன்றாக வந்தவர்கள் இருக்கிறார்கள், மட்டம் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் போனால் வானியற்பியல் கை நழுவும், அதற்குக் கணக்கும் இயற்பியலும் இல்லாமல் முடியாது. பாப்பாவுக்குக் கல்லா நட்சத்திரமா என்று இன்னும் தெரியவில்லை என்றால் (ஒன்பதாவதில் தெரிய வேண்டியதும் இல்லை) கணக்கோடு கூடிய சயின்ஸ்தான் இரண்டுக்கும் வழி விடும். என்ட்ரன்ஸ் கோச்சிங்காரர்கள் ‘பயோ எடு, டாக்டர் ஆகலாம்’ என்று இழுப்பார்கள், உங்கள் இஷ்டம்.

சோறு போடுமா என்றால், போடும், ஆனால் உடனே போடாது. ஜியாலஜியில் பி.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் கிடைக்காது, எம்.எஸ்சி. வரை ஐந்து வருஷம் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம் யூபிஎஸ்சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு, அதில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள். மாநிலத்தில் சுரங்கத் துறை, நிலத்தடி நீர்த் துறை. படிக்க இரிஞ்ஞாலக்குடா கிறைஸ்ட் காலேஜ், காசர்கோடு அரசுக் கல்லூரி, தமிழ்நாட்டில் சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் காலேஜ், தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி என்று இருக்கின்றன. விண்வெளி என்றால் 2007-இல் தொடங்கி இப்போது திருவனந்தபுரம் வலியமலையில் இருக்கும் விண்வெளிக் கல்வி நிறுவனம், ஜேஇஇ அட்வான்ஸ்டு வழியாக நுழைய வேண்டும், கடினம். அது கிடைக்காவிட்டால் பாலக்காடு விக்டோரியாவில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து மேலே போனாலும் வானியலுக்குப் போகலாம், அந்த வழி மெதுவான வழி, மட்டமான வழி இல்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். இஸ்ரோ 2019 முதல் ‘யுவிகா’ என்று ஒரு முகாம் நடத்துகிறது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும், கோடை விடுமுறையில் இரண்டு வாரம் இஸ்ரோ மையங்களில் தங்க வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். எட்டாம் வகுப்பு மார்க், ஆன்லைன் குவிஸ் எல்லாம் பார்ப்பார்கள், கிராமப் பஞ்சாயத்துப் பள்ளிகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு. உங்கள் பாப்பா இப்போது ஒன்பதாவது, பத்தாவது போய்விட்டால் சேர முடியாது. வருஷத் தொடக்கத்திலேயே இஸ்ரோ தளத்தைப் பார்த்துக்கொண்டு இருங்கள், ஹெட்மாஸ்டரிடமும் சொல்லி வையுங்கள். கிடைக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகாது, குடும்பத்தோடு திருவனந்தபுரம் போகும்போது தும்பாவைக் காட்டுங்கள். 1963 நவம்பர் 21 அன்று நாட்டின் முதல் ராக்கெட் அங்கிருந்து போனது. பூமியின் காந்த நடுக்கோடு அந்த ஊரை ஒட்டிப் போனதுதான் அந்த மீனவர் ஊரைத் தேர்ந்தெடுத்த காரணம், அங்கே இருந்த தேவாலயம் இன்றைக்கு அருங்காட்சியகம். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனால் படகு விட்டதோடு திரும்பாமல் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தையும் எட்டிப் பாருங்கள், சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டது அங்கேதான்.

டெலஸ்கோப் வேண்டாம் என்றதற்குக் காரணம் காசு இல்லை. மலிவு டெலஸ்கோப்பின் கால் ஆடும், நிலாவைப் பிடிப்பதற்குள் பிள்ளை அழுதுவிடும், மூன்றாம் வாரம் பரணுக்குப் போய்விடும். ஒரு 10x50 பைனாகுலர் வாங்குங்கள். நிலாவின் பள்ளம், வியாழனின் துணைக்கோள்கள், கார்த்திகைக் கூட்டம் எல்லாம் அதிலேயே தெரியும். போனில் ஸ்டெல்லேரியம் போட்டுக்கொண்டால் எது எங்கே என்று சொல்லும். சூரியன் பக்கம் மட்டும் அதைத் திருப்பவே கூடாது, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே தாழ்வாகத் திரிசங்கு (தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம்) தெரியும், அந்த அமெரிக்கப் பையன் அவன் நாட்டின் தெற்குக் கோடியில் இல்லாவிட்டால் வீட்டு வாசலில் நின்று அதை முழுசாகப் பார்க்க முடியாது. பாப்பா அதைப் படம் வரைந்து அவனுக்கு அனுப்பட்டும்.

வருகிற ஏப்ரல் 18-க்கு ஒரு வேலை தருகிறேன். பெங்களூரில் யாராவது சொந்தம் இருப்பார்கள், நம் பக்கம் யார் வீட்டில்தான் இல்லை. அவர்களையும் ஒரு மீட்டர்க் குச்சியை நேராக நிறுத்தச் சொல்லுங்கள். நமக்கு நடுப்பகலில் நிழல் மறையும் அந்த நாளில் அவர்கள் ஊர் நடுப்பகலில் 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியாக நிழல் இருக்கும், கோணத்தில் சுமார் 2.2 பாகை. வடக்குத் திசையில் மட்டும் அளந்தால் பெங்களூர் நமக்கு 245 கிலோமீட்டர் தள்ளி. 360-ஐ 2.2-ஆல் வகுத்து 245-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வரும், 40,000 கிலோமீட்டரை ஒட்டி வர வேண்டும். நிழல் நுனி மங்கலாகத்தான் இருக்கும், சூரியன் புள்ளி இல்லையே, வட்டம்தானே. அதனால் அரை சென்டிமீட்டர் தவறினாலும் விடை 46,000-த்துக்கு ஓடிவிடும், அளப்பவர் இரண்டு மூன்று தடவை அளக்கட்டும். அப்புறம் முக்கியமாக, கடிகாரம் 12 அடித்ததும் குச்சியைப் பிடுங்கிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். நமக்கு 12 மணி 22 நிமிஷம், பெங்களூருக்கு 12 மணி 19.